கொல்லம் வண்டியில் ஏறாதவர்கள்

கால்பந்து விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் பந்து பார்க்கப் போகிற கூட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியச் சொல்லுவேன். அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. ஊர் அணி உள்ளூர்ப் பொட்டலில் விளையாடினால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வெளியூரில் ஆட்டம் என்று காதில் விழுந்தால் போதும், கடைத்தெருவில் பாதிக் கதவு சாத்திவிடும். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலைப் பொட்டலமும் கையுமாக ரயிலடிக்கு வந்துவிடுவார்கள். டிக்கெட் எடுக்கிற பழக்கம் கிடையாது. கேட்டால், "நம்ம பையன் ரயில்வேயிலதான இருக்கான்" என்பார்கள். அந்த நம்ம பையன் என் தம்பி.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கக்கத்தில் ஒரு துண்டும், துண்டுக்குள் சுருட்டின நல்லெண்ணெய்க் குப்பியும் இருக்கும். சாரல் மாதங்களில் குற்றாலத்து அருவியில் ஒரு முழுக்குப் போடாமல் வீடு திரும்பினால் ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று நினைத்த ஊர் எங்களுடையது. ஜெயித்தாலும் குளிப்பார்கள், தோற்றாலும் குளிப்பார்கள். மறுநாள் அவர்களிடம் ஆட்டம் எப்படி என்று கேட்டால், தண்ணீர் எப்படி விழுந்தது என்று சொல்லுவார்கள்.

தம்பி செங்கோட்டை ஷெட்டில் ஃபயர்மேன். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. அப்பா ரயில்வேயில் இருக்கும்போதே இறந்துபோனதால் அவனுக்குக் கிடைத்தது. ஓய்வு நாளில் ஊர் அணிக்குப் பேக் ஆடுவான், கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற ஆள். கரி அள்ளின உடம்பு, அவனைத் தாண்டிப் பந்து போகாது என்று சொன்னார்கள். சொல்லிச் சொல்லித்தான் அவனைக் கெடுத்தார்கள். அவன் தெருவில் நடந்தால், "ஏலே, நம்ம பேக்கு போதாம் பாரு" என்று ஒருத்தன் குரல் கொடுப்பான். உடனே இவனுக்கு வாயெல்லாம் பல். நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னால் கட்டின வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வருகிற ரகம். எனக்கு அவன் மேல் உயிர், அதனால்தான் இவ்வளவு கோபமும்.

அதே ஷெட்டில் அவனுக்கு மூத்த ஃபயர்மேனாக இருந்தவருக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். தம்பியோடு சாப்பிட வந்து போய்ப் பழகினவர்தான். அதிகம் பேச மாட்டார், சிரித்தால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அந்த வருஷம் சாரல் பிடித்த கொஞ்ச நாளில் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் வந்தது. விலைவாசி ஏறுகிறது, பஞ்சப்படி ஏறவில்லை என்பது அவர்கள் குறை. கடைக்குப் போய் அரிசி வாங்கின எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அது நியாயம் என்றுதான் சொல்லியிருப்பாள். அரசாங்கம் அதைச் சட்டவிரோதம் என்றது. வேலைக்கு வராதவனுக்கு வேலை போய்விடும் என்று மிரட்டியது. வண்டிகள் நின்றுபோயின.

எங்கள் வீடு தென்காசி ரயிலடிக்குப் பக்கத்தில். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த மெட்ராஸ்காரர்கள் படுக்கைச் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டு, நாட்டில் பொறுப்பு என்பதே இல்லாமல் போய்விட்டது என்று பேசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்றே கேட்டேன். நாள் கணக்காக அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றவர்களுக்குப் பொறுப்பைப் பற்றி என்ன பேச்சு! பாவம் என்றால், செங்கோட்டையில் கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்ட ஒரு மலையாளத்து அம்மாளைச் சொல்ல வேண்டும். புனலூருக்குப் போகவேண்டியவள். பிளாட்பாரத்திலேயே குழந்தையின் துணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் எங்கள் ஊர் அணிக்குக் கொல்லத்தில் கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்து சேர்ந்தது. ஊரே அலறியது. ரயில் இல்லாமல் அரிசி வராதே, மருந்து வராதே என்று அலறவில்லை. ஆட்டத்துக்கு எப்படிப் போவது என்று அலறியது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில், எனக்கு நிச்சயம் செய்திருந்த அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. மலைப்பாதையில் ஒரு வண்டியாவது ஓட்டிக் காட்டவேண்டும் என்று அதிகாரிகள் ஆள் தேடுகிறார்கள் என்றார். ஓய்வுக்குக் காத்திருக்கிற ஒரு டிரைவர் வருவதாகச் சொல்லிவிட்டாராம், கரி போடத்தான் ஆள் அகப்படவில்லையாம்.

"நீ எங்ககூட வந்து தண்டவாளத்தில உக்கார வேண்டாம்லே," என்றார் தம்பியிடம். "ஒனக்கு அம்மை இருக்கா, அக்கா இருக்கா. வீட்டிலயே கதவைச் சாத்திட்டுக் கெட. எஞ்சின்ல மட்டும் ஏறிராத. நீ ஏறினா இந்தச் சம்பந்தம் நிக்காது. அதை இப்பமே சொல்லிட்டுப் போதேன்."

"ஏற மாட்டேன்" என்றான் தம்பி. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே பந்துக் கமிட்டி வந்து இறங்கியது. தலைவர் எலுமிச்சை மண்டி வைத்திருந்தவர். மண்டி அண்ணாச்சி என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். அவருக்குப் பின்னால் ஒரு பட்டாளம். வீட்டுக்குள் இடமில்லாமல் வாசல்வரை நின்றார்கள். அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். இன்று நினைத்தாலும் அந்தக் காப்பிக்காக என் வயிறு எரிகிறது.

"தம்பி, ஊரு மானமே ஒன் கையிலதான் இருக்கு," என்று தொடங்கினார் அண்ணாச்சி. "நாளைக்குக் காலையில செங்கோட்டையில இருந்து கொல்லத்துக்கு வண்டி விடுதாங்களாம். நீ கரி போடுதேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். டீமும் நாங்களும் பின்னால ஏறிக்கிடுதோம். நீயும் அங்கன எறங்கி ஆடிறலாம்லா?"

மலை ஏறும்வரை கரி அள்ளிவிட்டு, அந்தக் கையோடு இறங்கிப் பந்தும் உதைக்க வேண்டுமாம்! எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க லாரிதான் நித்தமும் புளியறை வழியாக் கொல்லத்துக்குப் போகுதே. அதில ஏறிப் போக வேண்டியதுதான?"

அண்ணாச்சி என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "நல்லாக் கேட்டே போ! ரயில் இல்லாததால காயெல்லாம் லாரியிலதாம்மா போகுது. லாரியில ஆளை ஏத்தினா காயை எதில ஏத்த?"

இதுதான் அவர் ஊர் மானம். காய்க்கு லாரி வேண்டும், மானத்துக்கு என் தம்பி வேண்டும். அவர்கள் போனபிறகு நான் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "காலையில என்னலே சொன்ன? அதுக்குள்ள மறந்து போச்சா?" என்று கேட்டேன்.

"ஊரே வந்து கேக்குதுக்கா," என்றான். "அத்தான்கிட்ட நான் பெறவு சொல்லிக்கிடுதேன். அவுக புரிஞ்சிக்கிடுவாக. ஒரே ஒரு வண்டிதான." அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் இனிப் பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் அவன் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் தூக்குச்சட்டியில் இட்லியை வைத்துக்கொண்டு பஸ் ஏறி செங்கோட்டைக்குப் போனேன். சாப்பாடு ஒரு சாக்கு. கடைசி நிமிஷத்திலாவது அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நப்பாசை. ஆனால் பிளாட்பாரத்தின் பாதியிலேயே போலீஸ் கயிறு கட்டியிருந்தது. எஞ்சின் அந்தக் கோடியில் புகைந்துகொண்டு நின்றது.

எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஷெட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாரலில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முன்வரிசையில் அவர். என்னைப் பார்த்தார், தூக்குச்சட்டியையும் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தூக்குச்சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பின்னால் பெட்டிகளில் எங்கள் ஊர்க் கூட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது. பந்து ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள், சும்மா வந்தவர்கள் எல்லாரும். அவர்களுக்கு முன்னால் எஞ்சினை மறித்துக்கொண்டு மனுஷர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு தாமதம், அவ்வளவுதான். "எப்பம்யா எழுப்புவீங்க?" என்று போலீசைக் கேட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து இன்னும் ஆள் வரவேண்டும் என்று சொன்னார் அங்கே நின்ற இன்ஸ்பெக்டர். வெற்றிலை போட்டார்கள், துப்பினார்கள், சீட்டுக்கட்டை எடுத்து ஆடினார்கள்.

அப்போதுதான் குற்றாலத்திலிருந்து ஒருத்தன் சைக்கிளில் வந்தான். தலையெல்லாம் ஈரம். ஸ்டேஷன் வாசலில் நின்று, கேட்காமலே சேதி சொன்னான். "அஞ்சருவியில அஞ்சும் ஒண்ணா விழுது! மெயின் அருவியில போலீசு இப்பந்தான் ஆளை உள்ள விடுதான்!"

பெட்டிக்குள் ஒரு சலசலப்பு. பிள்ளை பெற்ற வீட்டுக்குக்கூட இவர்கள் இப்படிப் பரபரத்துப் போனதில்லை. "வண்டி எடுக்க எப்படியும் மத்தியானம் ஆயிரும்" என்றான் ஒருத்தன். "சட்டுனு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்திருவமா?" என்றான் இன்னொருத்தன். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிட்டால் கால் நன்றாக ஓடும் என்று கோல் கீப்பர் ஒரு காரணம் கண்டுபிடித்தான். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் லாரி ஒன்று கேரளாவில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்தது. அண்ணாச்சியே ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினார். கொல்லத்துக்குக் கிடைக்காத லாரி, குற்றாலத்துக்குக் கிடைத்துவிட்டது.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "அண்ணாச்சி, நீங்க அங்கன இருக்கும்போது வண்டி போயிட்டா?"

"நாங்க ஏறாம வண்டி எப்படிம்மா போவும்?" என்றார் அவர், லாரியில் ஒரு காலை வைத்துக்கொண்டே. "நம்ம பையம்லா கரி போடுதான்!"

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அந்தக் கூட்டம் முழுக்க அப்படித்தான் நம்பியது. நம்ம பையன் ஒருத்தன் உள்ளே இருந்துவிட்டால் ரயில்வே நம்முடையது, தண்டவாளம் நம்முடையது, நாம் தலை துவட்டிக்கொண்டு வருகிறவரை எஞ்சின் காத்துக்கொண்டு நிற்கும். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படி நினைத்திருப்பானா? லாரி கிளம்பியது. சளி பிடித்திருந்த இரண்டு ஆட்டக்காரர்களும், அந்த மலையாளத்து அம்மாளும் குழந்தையும் மட்டும் பெட்டியில் மிச்சம்.

நான் கயிற்றடியில் நின்ற போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். எஞ்சினில் இருக்கிறவன் என் தம்பி, அவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள் என்று சொன்னால் போதும், அவனும் இறங்கிவிடுவான் என்றேன். "பொம்பளை எஞ்சின் பக்கம் போகப்படாது, போம்மா" என்றார் அவர். நான் கத்தினேன். நீராவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திருநெல்வேலிப் போலீஸ் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். தூக்க முடியாதவர்களை இழுத்தார்கள். அவரை ஜல்லியின் மேல் இழுத்துக்கொண்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம், எனக்கு எட்டுகிற தூரத்தில் போட்டார்கள். முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. நான் முந்தானையைக் கிழித்துக்கொண்டு குனிந்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. எஞ்சினில் தம்பி, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் குனிந்து குனிந்து கரியை வாரி எறிந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெட்டிகள் ஒன்றொன்றாகக் கடந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் காலி. அவர் அந்தக் காலிப் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போலீஸ் வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து லாரி திரும்பி வந்தது. லாரியின் இரண்டு பக்கமும் ஈர வேட்டிகள் பறந்தன. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் அவசரப்படவில்லையாம், தண்ணீரும் அவர்களை விடவில்லையாம். முகமெல்லாம் பளபளக்க இறங்கின அண்ணாச்சி, வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "வண்டி எங்கம்மா?"

"கொல்லத்துக்குப் போச்சு."

"நாங்க இல்லாமயா?"

"ஒங்களுக்காகத்தான் போச்சு" என்றேன். எனக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழ மாட்டேன் என்று எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால், "பய நம்மளை விட்டுட்டுப் போயிட்டாம் பாத்தியா!" என்று ஒருத்தன் என் தம்பியைக் குறை சொன்னது காதில் விழுந்தது.

கொல்லத்தில் தம்பி முகம் முழுக்கக் கரியோடு இறங்கிப் பெட்டி பெட்டியாகத் தேடியிருக்கிறான். மைதானத்துக்கும் போயிருக்கிறான், சளிக்காரர்கள் இரண்டு பேரோடு. மூன்று பேரை வைத்து எப்படி ஆட்டம் நடத்துவது? எதிர் அணிக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஊர் ஜனங்கள் சிரிக்கத்தான் சிரித்தார்களாம், ஆனால் டீயும் ஏத்தன் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனை நான் திட்டவில்லை. திட்டினால் அவனுக்கு ஆறுதலாகப் போய்விடும்.

வேலைநிறுத்தம் சில நாளில் ஓய்ந்தது. விசுவாசமான ஊழியன் என்று தம்பியை அதிகாரிகள் தட்டிக் கொடுத்தார்கள். ஷெட்டில் ஒருத்தரும் அவனோடு பேசவில்லை. அவன் குடித்த குவளையைக் கவிழ்த்துவைத்துவிட்டு வேறு குவளையில் குடித்தார்கள். அவருக்கு வேலை போய்விட்டது.

ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அம்மா பாயை விரித்தாள், அவர் உட்காரவில்லை.

"அத்தை, எனக்கு அவன் மேல கோவம் இல்ல. சின்னப் பய," என்றார். "ஆனா வேலை போனவங்க எல்லாரும் என் கல்யாணத்துக்கு வரணும். ஒங்க மகன் நிக்கிற பந்தல்ல எப்படி வந்து உக்காருவாங்க? எங்களைத் தரதரன்னு இழுத்துப் போட்டுட்டுப் போனது எதுக்கு? ஆட்டத்துக்குன்னாலும் பரவாயில்ல. குளிக்கப் போயிருக்கானுவ."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் முன்னால் வந்தேன். அதுவரை அவரிடம் நேருக்கு நேர் நின்று பேசினதில்லை.

"தம்பி பந்தலுக்கு வரமாட்டான். நான் சொல்லி நிறுத்திப் போடுதேன். நான் மட்டும் வாறேன். கோயில்ல வச்சுக் கெட்டினாலும் சரி. ஒங்க வேலை போனது எனக்கு ஒரு பொருட்டே இல்ல."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது எப்படி? மச்சினன் இல்லாம முறை எப்படி நடக்கும்? பந்தல் வாசல்ல கால் கழுவிவிட யாரு இருக்கா? எங்க வீட்டில ஒத்துக்கிட மாட்டாக."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பந்தலுக்குள் நுழையும்போது பெண்ணுடைய தம்பியோ அண்ணனோதான் செம்பில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவிவிட வேண்டும். அவன் வந்தால் தோழர்கள் வரமாட்டார்கள். அவன் வராவிட்டால் காலைக் கழுவ ஆள் இல்லை. இதற்கு நடுவில் நான் நிற்கிறேன்.

"எஞ்சினுக்கு முன்னால போய் உக்காரத் துணிஞ்சீங்க," என்றேன். "ஒரு செம்புத் தண்ணியைத் தானே ஊத்திக் காலைக் கழுவிக்கிட ஒங்களுக்குத் துணிச்சல் இல்லையா?"

அவர் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். போய்விட்டார்.

அடுத்த தையில் சுரண்டையில் அவருக்குக் கல்யாணம். எனக்குச் சொன்னவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. அவளும் போயிருந்தாள். மண்டி அண்ணாச்சிதான் பெண் பார்த்து முடித்துவைத்தாராம். வேலை போன மனுஷனுக்குத் தன் மண்டியிலேயே ஒரு வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டாராம், எவ்வளவு பெரிய மனசு என்றாள். பந்துக் கமிட்டி முழுக்க வந்திருந்ததாம். ஷெட்டில் வேலை போனவர்களும் வந்திருந்தார்களாம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களாம். அண்ணாச்சி தன் கையால் நெய் ஊற்றினாராம். சாப்பாடு பிரமாதமாம்.

"ஒன் தம்பியை மட்டுந்தாங் காணும்" என்றாள்.

நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சோறு போட்டேன். அவனிடம் எதையும் சொல்லவில்லை.